யுரேக்கா நாடகத்தை டிசம்பர் 3இல் முடித்துவிடாதீர்கள்

நிர்வாகக் குழுவினருக்கும், நாடகப் பிரதி எழுதிய ஆசிரியை அக்காவுக்கும், நடிக்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மெல்பேர்ணில் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கும் இடங்களில் ஒன்று, அவ்வளவு போதும். தனியே எழுதாமல் எல்லாரும் பார்க்க எழுதுவதற்கும் காரணம் உண்டு. பழைய தங்க வயல் ஊரான பல்லரட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், தங்கம் அரித்துக் காட்டி, திரும்பி வரும் பஸ்ஸில் நாம் எல்லாரும் சொல்லுகிற யுரேக்கா கதைதான் இந்தப் பிரதியிலும் இருக்கிறது: 1854இல் தங்கம் தோண்டியவர்கள் லைசென்ஸ் வரியை எதிர்த்து எழுந்து, டிசம்பர் 3இல் படையிடம் தோற்ற கதை. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

போன கிழமை வட்ஸ்அப்பில் பிரதி வந்தது. என் மகனுக்குக் கிடைத்திருப்பது இராணுவத்தில் மேளமடிக்கும் சிறுவனின் வேடம். மூன்றாம் காட்சியில் குண்டடிபட்டுச் சாக வேண்டும். சாவதில் அவனுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, மூன்று நாளாக வீட்டு வரவேற்பறையில் விழுந்து விழுந்து பழகுகிறான். ஆனால் ஜோன் ஈகன் என்ற அந்தப் பையன் அன்று சாகவில்லை. 1854 நவம்பர் 28 இரவு பல்லரட்டுக்குள் வந்த படையைக் கூட்டம் வழிமறித்தபோது அவனுக்குக் காலில் காயம் பட்டது. இறந்தது 1860இல். செத்துவிட்டான் என்ற பேச்சு அப்போதே பரவி, பின்னாளில் அவனுக்கு நினைவுக் கல் வைக்கும் அளவுக்கு நிலைத்துவிட்டது. ஆகவே அக்கா, என் பிள்ளையை நொண்ட விட்டால் போதும்.

இது சின்ன விஷயம். பெரியது நாடகத்தின் தலைப்பும் கடைசிக் காட்சியும். தலைப்பு ‘அவுஸ்திரேலியாவின் சுதந்திரப் போர்’. நடுவில் கிளர்ச்சித் தலைவர் பீற்றர் லேலர் தங்க வயல் ஆணையாளரைப் பார்த்து, வரி எதற்குக் கட்ட வேண்டும் என்று கட்டபொம்மன் மாதிரி அடுக்குமொழியில் கேட்கிறார். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் கிளர்ச்சியாளரின் தென்சிலுவைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, திரை. கைதட்டு நிச்சயம். பிரதம விருந்தினரும் மகிழ்ந்து போவார். ஆனால் இது சுதந்திரப் போர் இல்லை, குடியேறிகளின் கிளர்ச்சி. அதன் நியாயத்தையும் அநியாயத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் நம் பிள்ளைகளுக்கு அதில் ஏதாவது கிடைக்கும்.

நியாயத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், பிரதியில் அதுதான் போதாமல் இருக்கிறது. ‘அநியாய வரி’ என்று ஆறு இடத்தில் வருகிறது, ஏன் அநியாயம் என்பது ஓரிடத்திலும் இல்லை.

1851 ஓகஸ்டில் பல்லரட்டில் தங்கம் கண்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் தங்கம் அரசிக்குச் சொந்தம் என்று லா ட்ரோப் அறிவித்தார். அவர்தான் அப்போது விக்டோரியாவின் துணை ஆளுநர். செப்டெம்பர் 1 முதல் தோண்டுகிற ஒவ்வொருவனும் மாதம் 30 ஷிலிங், அதாவது ஒன்றரைப் பவுண், கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். கவனியுங்கள், இது கிடைத்த தங்கத்துக்கு வரி இல்லை, தோண்டுவதற்கு வரி. ஒரு குன்றிமணி கிடைத்தாலும் அதே காசு, ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அதே காசு. ஆடு மேய்ப்பவனும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனும் வேலையைப் போட்டுவிட்டுத் தங்கத்துக்கு ஓடாமல் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கட்ட முடியாதவன் பழையபடி பண்ணைக்காரனிடம் போகட்டும் என்ற கணக்கு. அந்தப் பண்ணைக்காரர்களோ கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலத்தை அற்பக் கட்டணத்துக்கு வைத்திருந்தவர்கள், சட்டசபையிலும் அவர்கள் குரல்தான். அந்த வருட முடிவில் கட்டணத்தை இரட்டிப்பாக்கப் பார்த்தார் லா ட்ரோப். தங்க வயல்களில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினார். 1853இல் இன்னொரு தங்க வயலான பெண்டிகோவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு, கட்டணத்தை மாதம் ஒரு பவுணாகக் குறைக்கவே உதவியது.

பல்லரட் மட்டும் ஏன் வெடித்தது? ஊரில் கிணறு வெட்டப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். மற்ற இடங்களில் தங்கம் மேலாகக் கிடந்தது. இடம் சரியில்லை என்றால் அடுத்த நாள் வேறு குழி, வேறு கிடங்கு. பல்லரட்டில் மேலே கிடந்தது முடிந்துபோய், பழைய ஆற்றுப் படுகைகள் மண்ணுக்கடியில் 100 அடிக்கும் கீழே ஓடின. பத்துப் பேர் கூட்டுச் சேர்ந்து, பக்கச் சுவர் இடியாமல் பலகை அடித்து, தண்ணீரை இறைத்து இறைத்து, மாதக் கணக்காக இறங்க வேண்டும். எட்டு மாதம் இறங்கியும் அடியில் வெறும் களிமண் வரலாம். அதுவரை ஒரு சதம் வருமானம் இல்லை, லைசென்ஸ் காசு மட்டும் மாதா மாதம்.

இந்த ஆழத்தில் நிற்பவனைத்தான் பொலிஸ் மேலே கூப்பிட்டது. லைசென்ஸை எந்நேரமும் உடம்பில் வைத்திருக்க வேண்டும். கூடாரத்தில் இருக்கிறது என்றால் ஏற்க மாட்டார்கள், நனைந்து எழுத்தழிந்து போனாலும் ஏற்க மாட்டார்கள். பிடித்த பொலிஸ்காரனுக்கு அபராதத்தில் பங்கு இருந்தது. அவர்களில் பலர் தஸ்மேனியாவில் தண்டனை முடித்து வந்த பழைய கைதிகள். பங்கு கிடைக்கும் என்றால் எந்தப் பொலிஸ் நல்ல பொலிஸாக இருக்கும்? தூரத்தில் சீருடை தெரிந்ததும் கிடங்குக்குக் கிடங்கு ‘ஜோ! ஜோ!’ என்று கத்துவார்கள். லா ட்ரோப்பின் முழுப்பெயரில் நடுவில் ஒரு ஜோசப் உண்டு. இந்த ‘ஜோ’ கூச்சலைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள் அக்கா, ஆறு ‘அநியாய வரி’க்கும் தேவை இராது.

1854 ஜூனில் லா ட்ரோப்பின் இடத்துக்கு வந்தவர் சேர் சார்ல்ஸ் ஹொதம், கடற்படைக்காரர். ஓகஸ்ட் கடைசியில் பல்லரட்டுக்குப் போனார். சனம் ஆரவாரமாக வரவேற்றது, புது ஆளுநர் நல்லது செய்வார் என்று. அவர் பார்த்துவிட்டு வந்து எடுத்த முடிவு, இந்த ஆட்களிடம் காசு இருக்கிறது என்பது. கஜானாவில் பெரிய ஓட்டை. செப்டெம்பரில் உத்தரவு போட்டார்: லைசென்ஸ் வேட்டை இனிக் கிழமைக்கு இரண்டு தடவை. மாலை போட்டவன் கழுத்திலேயே கயிறு விழுந்தது.

பிறகு நடந்தவை பிரதியில் ஓரளவு சரியாக இருப்பதால் விரைவாகவே சொல்கிறேன். ஒக்ரோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற ஸ்கொட்லாந்துக்காரர் யுரேக்கா ஹோட்டலுக்கு அருகே அடித்துக் கொல்லப்பட்டார். கொலைச் சந்தேகத்தில் பிடிபட்ட ஹோட்டல்காரர் பென்ட்லியை, அவருக்கு நெருக்கமான நீதவான் விட்டுவிட்டார். 17ஆம் திகதி கூடிய ஆயிரக்கணக்கானோர் ஹோட்டலை எரித்தார்கள். எரித்ததாக மூன்று பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பென்ட்லி மறுபடி விசாரிக்கப்பட்டு மூன்று வருடக் கடூழியச் சிறைக்குப் போனதும், நீதவான் பதவி இழந்ததும் பிரதியில் விடுபட்டிருக்கிறது; சேருங்கள். அரசு தன் பிழையை ஒப்புக்கொண்ட பிறகும் அந்த மூன்று பேரை விட மறுத்தது என்பதில்தான் கோபமே இருக்கிறது.

நவம்பர் 11 அன்று பேக்கரி ஹில்லில் பல்லரட் சீர்திருத்தச் சங்கம் உருவானது. லைசென்ஸை ஒழி என்பதோடு நில்லாமல், ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி வேண்டாம், உறுப்பினருக்குச் சம்பளம், குறுகிய காலப் பாராளுமன்றம் என்று கேட்டார்கள். எல்லாம், உழைப்பாளருக்கு வாக்குக் கேட்ட இங்கிலாந்தின் சாசன இயக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கோரிக்கைகள். சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஹம்ஃப்ரே வேல்ஸிலிருந்து வந்த சாசன இயக்கத்தவர். 27ஆம் திகதி மூன்று பிரதிநிதிகள் ஆளுநரிடம் போனார்கள். அந்த மூன்று கைதிகளின் விடுதலையைக் ‘கோருகிறோம்’ என்றார்கள். ஹொதமுக்கு அந்தச் சொல் பொறுக்கவில்லை. வேண்டிக்கொண்டு வந்திருந்தால் வேறு, கோருவதென்றால் முடியாது என்று அனுப்பிவிட்டார். ஒரு வினைச்சொல்லில் இத்தனை உயிர் தொங்கியது. தமிழ் வகுப்பில் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

29ஆம் திகதி கொடி ஏறியது, லைசென்ஸ்கள் எரிந்தன. மறுநாளே ஆணையாளர் றொபேட் றீட் இன்னொரு வேட்டைக்கு ஆள் விட்டார், எரிந்ததைப் பார்த்துவிட்டும். அன்று பின்னேரம் பீற்றர் லேலர் முன்னால் வந்தார். ஒருவரோடொருவர் உண்மையாக நின்று உரிமைகளையும் சுதந்திரங்களையும் காக்கப் போராடுவோம் என்று தென்சிலுவையின் பெயரால் முழங்காலில் நின்று சத்தியம். கிடங்குச் சுவருக்கு வைத்திருந்த பலகைகளாலும் வண்டிகளாலும் ஏறக்குறைய ஒரு ஏக்கரை வளைத்து அடைத்தார்கள். கோட்டை என்று பிரதி சொல்கிறது. வேலி என்றால் சரி. சனிக்கிழமை இரவுக்கான அடையாளச் சொல் ‘வினிகர் ஹில்’, 1798இல் ஐரிஷ் கிளர்ச்சி நசுக்கப்பட்ட மேடு. இது அயர்லாந்துக்காரன் சண்டையோ என்று பலர் விலகினார்கள். ஞாயிறு அன்று தாக்க மாட்டார்கள் என்று நம்பி இன்னும் பலர் கூடாரத்துக்குத் தூங்கப் போனார்கள். 1854 டிசம்பர் 3 விடிவதற்கு முன் 276 படையினரும் பொலிஸாரும் வந்தபோது உள்ளே இருந்தவர்கள் 150 வரை. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. குறைந்தது 22 சுரங்கத் தொழிலாளர் செத்தார்கள், சரணடைந்த பிறகு குத்தப்பட்டவர்களும் அதில் உண்டு. படையின் பக்கம் ஐந்தாறு பேர். லேலர் இடது கையை இழந்தார். வந்த படைகளில் ஒன்றான 40ஆவது பிரிவு, அதற்குப் பன்னிரண்டு வருடம் முன் ஆப்கானிஸ்தானில் சண்டை பிடித்த பிரிவு.

இங்கேதான் திரை விழுகிறது. விழக் கூடாது என்பதுதான் என் முறைப்பாடு.

முதலில், நல்ல மிச்சத்தையே காட்டாமல் விட்டுவிட்டீர்கள். 13 பேர் மேல் அரசுக்கு எதிரான பெருந்துரோகக் குற்றம் சுமத்தி மெல்பேர்ணில் விசாரித்தார்கள். ஒருவரையும் நடுவர் குழு குற்றவாளி என்று சொல்லவில்லை. முதலில் கூண்டில் நிறுத்தப்பட்டவர் ஜோன் ஜோசப், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். வெள்ளை அமெரிக்கர்கள் தங்கள் தூதரின் தலையீட்டில் தப்பிவிட, அவருக்காகத் தூதர் பேசவில்லை. விடுதலையானதும் கதிரையில் வைத்துத் தூக்கி மெல்பேர்ண் வீதியெல்லாம் ஊர்வலம். பிரதியில் இருபத்திரண்டு வேடம் இருக்கிறது, ஜோசப் இல்லை.

1855 மார்ச்சில், தங்க வயல்களை ஆராய அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. மாத லைசென்ஸ் ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுணில் ‘சுரங்க உரிமை’ச் சீட்டு வந்தது, அதோடு வாக்கும். வரி, ஏற்றுமதியாகும் தங்கத்தின் மேல் போனது. இனிக் கிடைத்தவன்தான் கட்டுவான். அந்த நவம்பரிலேயே லேலரும் ஹம்ஃப்ரேயும் சட்டசபைக்குள் போனார்கள். 1856இல் விக்டோரியாவில் இரகசிய வாக்குச் சீட்டு, 1857இல் கீழ்ச்சபைக்கு ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு. இதெல்லாம் யுரேக்காவால்தான் வந்தது என்று அடித்துச் சொல்வதற்கும் இல்லை. புதிய அரசமைப்பு 1854 மார்ச்சிலேயே எழுதி லண்டனுக்குப் போயிருந்தது. கிளர்ச்சி இல்லாவிட்டாலும் கதவு திறந்திருக்கும், இவ்வளவு அகலமாக, இவ்வளவு சீக்கிரம் திறந்திருக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: சீனர் வருவதைக் கட்டுப்படுத்த வேண்டும். 1855 ஜூனில் சட்டம் வந்தது. வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண், கப்பலின் ஒவ்வொரு 10 தொன்னுக்கும் ஒரு சீனர்தான். யுரேக்காவின் சாம்பல் ஆறி ஆறு மாதம். ஆளுக்கு எவ்வளவு, கப்பலுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்த சட்டத்தை வாசிக்கும்போது நம்மில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், அதை நான் விளக்கத் தேவையில்லை.

கப்பல்காரர் விக்டோரியாவுக்கு வராமல் தென் அவுஸ்திரேலியாவில் றோப் என்ற சிறு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். 1857ஐ ஒட்டிய ஓரிரு வருடத்தில் 16,000க்கு மேற்பட்டோர் அங்கே இறங்கி, தோளில் தடியும் இரு பக்கமும் கூடையுமாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நடந்தே தங்க வயல்களுக்கு வந்தார்கள். அந்த நடையின் வழியில்தான் அரரட்டில் பெரிய தங்கப் படுகையைக் கண்டுபிடித்தார்கள். 1857 ஜூலையில் பக்லண்ட் ஆற்றோரம் வெள்ளைத் தொழிலாளர் சீனரை அடித்துத் துரத்திக் கூடாரங்களை எரித்தார்கள். அதே வருடம் சீனர்மேல் மட்டும் குடியிருப்பு வரி. நம் நாடகத்தில் லைசென்ஸ் எரிக்கிறார்களே, அந்த லைசென்ஸ்தான், இப்போது வேறு ஆட்களின் சட்டைப் பையில். 1859இல் ஆயிரக்கணக்கான சீனர் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கொடுங்கோன்மை என்ற வாசகத்தை உண்மையாக நடத்திக் காட்டியவர்கள் அவர்களும்தான். அவர்களுக்குக் கொடியும் இல்லை, பல்லரட்டின் ஸ்டர்ட் வீதியில் சிலையும் இல்லை.

சிலையாக நிற்கும் லேலர், தான் ஜனநாயகவாதி என்றால் சாசன இயக்கத்தவன் என்றோ குடியரசுவாதி என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிறகு விளக்கம் சொன்னவர். 1873இல் பல்லரட்டுக்கு அருகே கிளூன்ஸில், அவர் இயக்குநராக இருந்த லொதெயர் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். நிர்வாகம் சீனத் தொழிலாளரைக் கொண்டுவந்து வேலைநிறுத்தத்தை உடைக்கப் பார்த்தது. ஊர்ப் பெண்கள் கல்லோடு வீதியில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கதையில் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? எனக்கு இன்றுவரை தெளிவில்லை. கட்டபொம்மன் வசனம் இந்த ஆளின் வாயில் ஏன் பொருந்தவில்லை என்பது மட்டும் தெளிவு.

வசனம் பொருந்தாததற்கு இன்னும் பெரிய காரணம் நிலம். கட்டபொம்மன் தன் ஊரில் நின்று, வந்தவனிடம் கேட்டார். யுரேக்காவில் வரி கேட்டவனும் வந்தவன், கொடுக்க மறுத்தவனும் வந்தவன். அங்கே இருந்தவர்கள் ஆதிக்குடிகளான வதவுறுங் மக்கள். பல்லரட் என்ற பெயரே அவர்கள் மொழிதான், இளைப்பாறும் இடம் என்று பொருள் சொல்வார்கள். 1838 அளவில் ஆட்டு மந்தையோடு பண்ணைக்காரர் வந்து அந்த நிலத்தைப் பிடித்தார்கள், பதின்மூன்று வருடம் கழித்துத் தங்கம் தேடி வந்தவர்கள் அதைத் தலைகீழாகக் கிண்டினார்கள். வதவுறுங் மக்கள் அவர்களுக்கு வழி காட்டினார்கள், குளிருக்குப் பொசம் என்ற சிறு விலங்கின் தோல் போர்வை விற்றார்கள். தங்கம் அரசிக்குச் சொந்தமா தோண்டியவனுக்குச் சொந்தமா என்று இரு பக்கமும் துப்பாக்கி தூக்கிய நேரத்தில் மூன்றாவது பதிலை யாரும் கேட்கவில்லை. நம் பிரதியிலும் கேட்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தச் சிக்கல் என்பீர்கள். நம் பிள்ளைகள் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலேயே பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கிறார்கள், பல நேரம் நம்மைவிட நன்றாக. வந்த நாட்டைக் குறை சொல்லலாமா என்றும் ஒரு குரல் கேட்கும். 1901இல் வந்த குடிவரவுச் சட்டம் 1958 வரை, வருகிறவருக்குத் தெரியாத ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுதுதல் வைத்து நம் நிறத்தவரைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் முதல் வரிகள் விக்டோரியாவின் தங்க வயல்களில் எழுதப்பட்டவை. அதை மாற்றப் போராடியதும் இந்த நாட்டு மக்கள்தான். இதைச் சொல்வது குறை சொல்வதாகுமா?

நான் கேட்பது இவ்வளவுதான். தலைப்பை ‘யுரேக்கா, 1854’ என்று மாற்றுங்கள். முதல் காட்சியில் கிடங்குக்குள் ஒரு பிள்ளையை இறக்கி, மேலே பொலிஸ் கூப்பிட, ஏணியில் ஏறி வரவிடுங்கள். ஜோன் ஜோசப்பை யாருக்காவது கொடுங்கள். கொடி விழுந்த பிறகு வசனமே இல்லாமல் ஒரு காட்சி: றோப்பிலிருந்து நடந்து வருகிறார்கள். பார்வையாளர் வரிசைக்கு நடுவால் வந்தால் 400 கிலோமீற்றர் கொஞ்சமாவது தெரியும். அவர்கள் மேடைக்கு வரும்போது, முன்பு லைசென்ஸ் எரித்த அதே பிள்ளைகள் கையை நீட்டி 10 பவுண் கேட்கட்டும்.

செலவு என்று சொல்லாதீர்கள். போன வருடக் கலைவிழாவில் காவடியாட்டத்துக்குச் செய்த தடிகள் சாமான் அறையில் கிடக்கின்றன. வளைவையும் மயிலிறகையும் கழற்றி இரண்டு பக்கமும் கூடை கட்டினால் சரி. வருகிற சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் நிற்கிறேன். அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் குழுவில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மேளமடிக்கும் பையனின் அப்பா